அறுபதாவது மாடிக்கு வழி

வீடியோ கேம் ஆடுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கவனித்திருக்கிறீர்களா? ஒரு ஆட்டத்தை முழுசாக ஆடி முடித்த மறுநிமிஷம், யாரிடமாவது அதைச் சொல்லியாக வேண்டும். எங்கே மாட்டிக்கொண்டேன், எத்தனை தடவை செத்தேன், கடைசியில் அந்த ராட்சசனை எப்படிச் சாய்த்தேன், முடிவு பிடித்ததா பிடிக்கவில்லையா... எல்லாம் ஒன்றுவிடாமல். கேட்கிற ஆள் அம்மாவாக இருந்தாலும் சரி, பக்கத்து வீட்டுத் தாத்தாவாக இருந்தாலும் சரி.

நாம் என்ன செய்வோம்? "சரி சரி, போய்ப் படி" என்போம்.

வெட்டிப்பேச்சுதானே என்று தோன்றும். ஆனால் இந்த வெட்டிப்பேச்சுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. இதற்கென்றே நோட்டுப் புத்தகங்கள் இருந்திருக்கின்றன. இதற்காகவே பத்திரிகைகள் பிறந்திருக்கின்றன. ஒரு தேசத்திலேயே அதிகம் விற்ற புத்தகமாக இது ஆகியிருக்கிறது. உலகத்துக் குழந்தைகளையெல்லாம் பைத்தியமாக அடித்த போகிமான் என்கிற சமாசாரமும் இந்தப் பேச்சின் வயிற்றில் பிறந்த பிள்ளைதான்.

ஆரம்பத்திலிருந்து வருவோம்.

முதலில் ஒரு விஷயம். ஆரம்ப கால வீடியோ கேம்கள் பலவற்றுக்கு முடிவு என்பதே கிடையாது. 1978-ல் ஜப்பானில் டைட்டோ கம்பெனி வெளியிட்ட 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' நினைவிருக்கிறதா? தொமொஹிரோ நிஷிகாடோ என்பவர் உருவாக்கியது. மேலேயிருந்து வரிசைக்கு 11 வீதம் 5 வரிசை வேற்றுக்கிரகப் பிராணிகள் இறங்கி வரும். மொத்தம் 55. நீங்கள் கீழே இருந்து சுட வேண்டும். எல்லாரையும் சுட்டுத் தள்ளினால்? ஜெயித்துவிட்டோமா? அதுதான் இல்லை. அடுத்த 55 வரும். அப்புறம் அடுத்த 55. நீங்கள் சாகிறவரை வந்துகொண்டே இருக்கும். கடைக்காரருக்கு வேண்டியதும் அதுதான். நீங்கள் சீக்கிரம் செத்தால்தான் அடுத்த நாணயம் விழும்.

முடிவே இல்லாத ஆட்டத்தைப் பற்றி என்ன பேசுவது? சூட்சுமத்தைப் பேசலாமே. பேசினார்கள்.

இந்த ஆட்டத்தில் அவ்வப்போது மேலே ஒரு பறக்கும் தட்டு போகும். அடித்தால் பாயின்ட். ஆனால் ஒருமுறை 50 கிடைக்கும், ஒருமுறை 100, எப்போதாவது 300. எல்லாம் அதிர்ஷ்டம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். சில ஆசாமிகள் பொறுமையாக உட்கார்ந்து தாங்கள் சுடுகிற குண்டுகளை எண்ண ஆரம்பித்தார்கள். விஷயம் வெளியே வந்தது. உங்கள் 23-வது குண்டு அந்தத் தட்டில் பட்டால் 300. அதன்பிறகு ஒவ்வொரு 15-வது குண்டுக்கும் 300. அதிர்ஷ்டமும் இல்லை, மண்ணும் இல்லை. வெறும் கணக்கு.

இன்னொரு சூட்சுமம் இதைவிட சுவாரசியம். எதிரிகள் நம் தலைக்கு நேர்மேலே கடைசி வரிசைவரை வந்துவிட்டால் அவர்கள் போடும் குண்டு நம்மைத் தொடாது, தாண்டிப் போய்விடும். ஆகவே பயப்படாமல் அவர்களைப் பக்கத்தில் வரவிட்டு, அப்புறம் வரிசையாகப் போட்டுத் தள்ளலாம். கொஞ்சம் பிசகினால் காலி. ஆனால் கைவந்தால் ராஜாதான். இந்த உத்திக்கு ஜப்பான்காரர்கள் வைத்த பெயர், 'நகோயா ஷூட்டிங்'. நகோயா என்பது ஓர் ஊர். நம்மூரில் பலகாரத்துக்கு ஊர்ப்பெயர் ஒட்டிக்கொள்கிற மாதிரி, ஒரு விளையாட்டுச் சூட்சுமத்தோடு ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டு நாடு முழுக்கப் போனது. வாய்வழிச் செய்தியாகவே.

முடிவில்லாத ஆட்டங்கள் சில, வேண்டுமென்று இல்லாமல் தற்செயலாக முடிந்தன. 1980-ல் வந்த பேக்மேன் அப்படித்தான். அதில் எத்தனையாவது கட்டம் என்று கணக்கு வைத்திருந்த இடத்தில் 255-க்கு மேல் எண்ண முடியாது. அத்தனை தூரம் ஒருவன் ஆடிக்கொண்டு வருவான் என்று யார் கண்டது? வந்தார்கள். 256-வது கட்டத்தில் திரையின் வலது பாதி முழுக்க எழுத்தும் எண்ணுமாகக் குப்பை கொட்டியது போல் ஆகிவிடும். தாண்ட முடியாது. ஜெயித்ததாகவும் சொல்ல முடியாது. ஜெயிப்பதற்கு எதுவுமே மிச்சமில்லாமல் போனதுதான் முடிவு!

சரி. முடிவு என்ற ஒன்றைத் திட்டமிட்டு வைத்து, அதைக் கண்டுபிடிக்க முடியாதபடி ஒளித்தும் வைத்தால் என்ன ஆகும்? செய்து பார்த்தார் ஒரு மனிதர். பெயர், மசனோபு எண்டோ. நாம்கோ கம்பெனிக்காரர்.

எண்டோ 1983-லேயே 'ஜெவியஸ்' என்கிற விமான ஆட்டத்தால் பிரபலமாகியிருந்தார். சும்மா பறந்து சுடுகிற ஆட்டம்தான். ஆனால் வெற்றுத் தரைபோல் தெரிகிற சில இடங்களில் குண்டு போட்டால், பூமிக்கு அடியிலிருந்து ஒரு கோபுரம் எழும்பி வரும். எங்கே போடவேண்டும் என்பது தரையைப் பார்த்தால் தெரியாது. யாராவது சொன்னால் சுலபம். சொன்னார்கள். சொன்னதோடு நிற்காமல் கதையும் கட்டினார்கள். அந்த ஆட்டத்தில் சுழன்று சுழன்று வரும் இரும்புப் பலகைகள் உண்டு. சுட்டால் உடையாது. ஆனால், "256 தடவை சுட்டால் உடையும்" என்று ஒரு வதந்தி கிளம்பிவிட்டது. சுத்தப் பொய். பலகை திரையில் இருக்கிற நேரத்துக்குள் 256 தடவை சுடுவது மனிதனால் ஆகிற காரியமில்லை. அதனாலேயே வதந்தி நீண்ட ஆயுளோடு இருந்தது. பொய் என்று நிரூபிக்கவும் ஆளில்லை பாருங்கள்.

அடுத்த வருஷம், 1984-ல் எண்டோ தன் அடுத்த ஆட்டத்தை இறக்கினார். 'துருவாகாவின் கோபுரம்.'

கதை எளிது. கில் என்று ஒரு வீரன். உலகத்தின் மிகப்பழைய காவியங்களுள் ஒன்றின் நாயகனான கில்கமேஷின் பெயர்ச் சுருக்கம். துருவாகா என்கிற அரக்கன் அவனது காதலியைக் கோபுரத்தின் உச்சியில் அடைத்து வைத்திருக்கிறான். 60 மாடிக் கோபுரம். ஒவ்வொரு மாடியும் ஒரு புதிர்ச் சுவர்க்காடு. சாவியை எடுத்து, கதவைத் திறந்து, மேலே போகவேண்டும். இவ்வளவுதானே?

இங்கேதான் விவகாரமே ஆரம்பிக்கிறது. மாடிக்கு மாடி புதையல் பெட்டி ஒளிந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. குறிப்பிட்ட ஒரு காரியத்தைச் செய்தால்தான் தோன்றும். என்ன காரியம்? சொல்லமாட்டார்கள். முதல் மாடியில் பச்சைக் கூழ்ப்பூதங்கள் மூன்றைக் கொல்லவேண்டும். அப்போது சுவரை இடிக்கிற கடப்பாறை மாதிரி ஒன்று கிடைக்கும். இரண்டாவது மாடியில் கறுப்புக் கூழ்ப்பூதங்கள் இரண்டு. வேகமாக நடக்கவைக்கும் காலணி கிடைக்கும். இதெல்லாம் சுலபம். போகப்போக நிபந்தனைகள் விபரீதமாகும். ஒரு மாடியில், ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, ஆட்டத்தைத் தொடங்குகிற பட்டனை அழுத்தவேண்டும். யாருக்குத் தோன்றும் சொல்லுங்கள்?

பெட்டிகளை விட்டுவிட்டுப் போனால் என்ன என்று கேட்பீர்கள். சில பெட்டிகளை விடலாம். சில பெட்டிகளில் இருப்பது உதவியே அல்ல, உபத்திரவம். ஆனால் சிலதை விட்டால் 60-வது மாடியில் எதுவும் நடக்காது. எது எந்த ரகம் என்று அங்கே போனபிறகுதான் தெரியும். போதாக்குறைக்கு, வீரனின் உடம்பில் எவ்வளவு தெம்பு பாக்கி இருக்கிறது என்பதைக்கூடத் திரையில் காட்டமாட்டார்கள். இவ்வளவையும் தாண்டி உச்சிக்குப் போய் அங்கே தப்பான காரியம் ஒன்றைச் செய்துவிட்டால், முடிந்தது. பரமபதத்தில் பெரிய பாம்பு கடித்த மாதிரி கீழ் மாடிக்குத் தூக்கி எறிந்துவிடும்.

ஒரு ஆட்டத்துக்கு 100 யென். ஒரு ஆள் தன்னந்தனியாக எல்லா மாடிகளின் ரகசியத்தையும் கண்டுபிடிக்கவேண்டுமென்றால் எத்தனை நாணயம் போடவேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சொத்தை எழுதிக் கொடுக்கவேண்டியதுதான்.

ஆனால் முடித்தார்கள். எப்படி?

ஜப்பானில் அந்த நாளைய கேம் சென்டர்களில் ஒரு நோட்டுப் புத்தகம் கிடக்கும். பக்கத்தில் ஒரு பேனா. வருகிறவர்கள் எது வேண்டுமானாலும் எழுதலாம். படம் வரையலாம், மெஷினைத் திட்டலாம், ஊர்வம்பு பேசலாம். கோபுரம் வந்தபிறகு அந்த நோட்டுகளின் பக்கங்கள் மாடி வாரியாக நிரம்ப ஆரம்பித்தன. இத்தனையாவது மாடியில் இப்படிச் செய்தேன், பெட்டி வந்தது. அதே மாடியில் நீ சொன்ன மாதிரி செய்தேன், வரவில்லை. எதிரிகளை எந்த வரிசையில் கொன்றாய்? யார் எழுதியது, யார் பதில் சொன்னது, ஒருத்தருக்கும் தெரியாது. காலையில் பள்ளி மாணவன் எழுதியதை ராத்திரி ஆபீஸ் முடிந்து வருகிறவர் படிப்பார். முகம் பார்க்காமலே இரண்டு பேரும் கூட்டாளிகள்.

அந்த நோட்டில் எழுதியவனுக்கு என்ன லாபம்? ஒரு யென் கிடையாது. சொல்லப்போனால் நஷ்டம். தன் காசைப் போட்டுத் தேடிய ரகசியத்தை, அடுத்தவன் ஓசியில் எடுத்துக்கொண்டு தனக்கு முன்னால் உச்சிக்குப் போகப்போகிறான். தெரிந்தேதான் எழுதினார்கள். மற்றவன் கண்டுபிடித்ததையும் அங்கேதானே படிக்கவேண்டும்? இந்தக் கொடுக்கல் வாங்கல் நடந்த இடத்தில் கோபுரம் ஜெயிக்கக்கூடிய கோபுரமாக இருந்தது.

நடக்காத இடத்தில்? அதற்கும் சாட்சி இருக்கிறது. பல வருஷங்கள் கழித்துப் பழைய ஆட்டங்களின் தொகுப்புகளில் சேர்ந்து இதே கோபுரம் மேல்நாடுகளுக்குப் போனது. அங்கே விமரிசகர்கள் கழுவிக் கழுவி ஊற்றினார்கள். நியாயமே இல்லாத ஆட்டம், இதை எப்படி ஆடுவது என்று. அவர்கள்மீது தப்பில்லை. ஆட்டம் போய்ச் சேர்ந்தது. நோட்டு போய்ச் சேரவில்லை.

அமெரிக்காவிலும் இந்தத் தவிப்பு இல்லாமல் இல்லை. வடிவம் வேறு. அங்கே 'ஸோர்க்' போன்ற, படமே இல்லாத, எழுத்தாலேயே ஆடுகிற ஆட்டங்களை இன்ஃபோகாம் என்ற கம்பெனி விற்றுக்கொண்டிருந்தது. மாட்டிக்கொண்டவர்களுக்கு வழி சொல்லவேண்டும். ஆனால் மொத்தமாகச் சொல்லிவிட்டால் சுவாரசியம் போய்விடும். என்ன செய்யலாம்? 1982 வாக்கில் ஒரு வழி கண்டார்கள். கண்ணுக்குத் தெரியாத மையில் அச்சடித்த விடைப்புத்தகம்! கூடவே ஒரு பேனா. கேள்வி மட்டும் தெரியும். விடை வேண்டுமென்றால் அந்த இடத்தில் பேனாவால் தேய்க்கவேண்டும். முதல் வரி லேசான குறிப்பு. போதாவிட்டால் அடுத்த வரி. அதுவும் போதாவிட்டால்தான் முழு விடை. முடித்தவன் முடிக்காதவனிடம் எவ்வளவு சொல்லலாம் என்கிற நாசூக்கை இதைவிட அழகாக யாரும் செய்ததில்லை.

பிறகு நின்டென்டோ கம்பெனி வீட்டுக்குள் நுழைந்தது. அமெரிக்காவில் குழந்தைகள் போன் செய்தால் வழி சொல்வதற்கென்றே ஆட்களை உட்கார வைத்தார்கள். நூற்றுக்கணக்கில்! ஜப்பானில் 1985-ல் வந்த சூப்பர் மரியோ ஆட்டத்துக்கு வெளியான வழிகாட்டிப் புத்தகம், அந்த வருஷமும் அடுத்த வருஷமும் தேசத்திலேயே அதிகம் விற்ற புத்தகம். நாவல் இல்லை, சமையல் குறிப்பு இல்லை. மரியோ எந்தக் குழாயில் இறங்கவேண்டும் என்று சொல்கிற புத்தகம்.

நீங்கள் தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் போனவராக இருந்தால் இதெல்லாம் அந்நியமாகத் தெரியாது. டி.வி.யில் மாட்டி ஆடுகிற கேசட் ஆட்டங்கள் நம்மூருக்கும் வந்தன. 'கான்ட்ரா' ஆட்டத்தில் 30 உயிர் வாங்க, மேலே மேலே, கீழே கீழே, இடம் வலம், இடம் வலம் என்று அமுக்கவேண்டும் என்பதை எந்தப் புத்தகத்தில் படித்தீர்கள்? எவனோ ஒரு சிநேகிதன் சொன்னான். அவனுக்கு அவன் அண்ணன் சொன்னான்.

இருக்கட்டும். போகிமானுக்கு வருகிறேன்.

டோக்கியோவுக்குப் பக்கத்தில் மச்சிதா என்கிற ஊர். அங்கே வளர்ந்த பையன் சதோஷி தஜிரி. 1965-ல் பிறந்தவன். சின்ன வயதில் பூச்சி பிடிப்பதில் கிறுக்கு. வயலும் குளமும் காணாமல் போய்க் கட்டடங்கள் முளைத்தபோது பூச்சிகளும் போய்விட்டன. பையன் கேம் சென்டருக்குள் நுழைந்தான். ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஆளைச் சாய்த்துவிட்டது.

கண்டுபிடித்த சூட்சுமங்களை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. 1983-ல், இன்னும் 20 வயதுகூட ஆகாத சதோஷி ஒரு பத்திரிகை ஆரம்பித்தான். பத்திரிகை என்றால் பெரிதாகக் கற்பனை செய்யாதீர்கள். கையால் எழுதி, நகலெடுத்து, பின் அடித்த காகிதக் கற்றை. பெயர், 'கேம் ஃப்ரீக்'. உள்ளே இருந்தது, நான் இந்த ஆட்டத்தை ஆடினேன், இப்படி ஜெயித்தேன் என்கிற அதே சமாசாரம்தான். கடையில் அதை வாங்கிப் படித்த இன்னொரு இளைஞன், நான் படம் போட்டுத் தருகிறேன் என்று வந்து ஒட்டிக்கொண்டான். அவன் பெயர் கென் சுகிமோரி. இந்த இரண்டு பெயரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தவர் ஆட்டங்களைப் பற்றி எழுதியவர்களுக்கு, நாமே செய்தால் என்ன என்று தோன்றியது. 1989-ல் பத்திரிகை கம்பெனி ஆனது. பெயரை மாற்றவில்லை. அதே கேம் ஃப்ரீக்.

அந்த வருஷம்தான் நின்டென்டோவின் 'கேம் பாய்' என்ற கையடக்கக் கருவியும் வந்தது. இரண்டு கருவிகளை ஒரு கேபிளால் இணைத்து, இரண்டு பேர் மோதலாம். எல்லாரும் அந்தக் கேபிளில் சண்டையைப் பார்த்தார்கள். சதோஷிக்கு வேறு ஒன்று தெரிந்தது. ஒரு பூச்சி அந்த ஒயர் வழியாக ஊர்ந்து இந்தக் கருவியிலிருந்து அந்தக் கருவிக்குப் போகிற மாதிரி! உன்னிடம் இருப்பதை எனக்குக் கொடு, என்னிடம் இருப்பதை உனக்குத் தருகிறேன். சின்ன வயதுப் பூச்சி டப்பா. கேம் சென்டரின் நோட்டுப் புத்தகம். இரண்டும் ஒரே ஒயரில்.

யோசனை சுலபம். செய்து முடிக்க 6 வருஷம் ஆனது. நடுவில் கையில் காசில்லை. சிலர் விலகிப்போனார்கள். சதோஷி சம்பளம் எடுக்காமல் வேலை பார்த்தார். 1996 பிப்ரவரி 27-ம் தேதி ஆட்டம் கடைக்கு வந்தபோது, கேம் பாய் கதை முடிந்தது என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள்.

ஆட்டத்தின் பெயர் போகிமான். ஒன்றல்ல, இரண்டு. சிவப்பு, பச்சை. ஏன் இரண்டு? மரியோவைப் படைத்த ஷிகேரு மியாமோட்டோ சொன்ன யோசனை அது. பிடிக்கவேண்டிய பிராணிகள் 150. சிவப்பில் எகான்ஸ் என்கிற பாம்பு உண்டு, பச்சையில் கிடையாது. பச்சையில் இருக்கிற சான்ட்ஷ்ரூ சிவப்பில் கிடையாது. அது போதாதென்று, ஹான்டர் என்கிற பேய் இருக்கிறதே, அது உங்களிடமே இருக்கும்வரை பேய்தான். இன்னொருவர் கைக்கு மாறினால்தான் அடுத்த வடிவம் எடுக்கும்.

அதாவது, எத்தனை பெரிய சூரனாக இருந்தாலும் 150-ஐயும் தனியாகச் சேர்க்கமுடியாது. எதிரில் இன்னொரு ஆள் வேண்டும். கோபுரத்தில் எண்டோ மறைமுகமாக வைத்த கட்டாயத்தை, சதோஷி ஆட்டத்தின் சட்டமாகவே எழுதிவிட்டார்.

வதந்தியும் விடவில்லை. ஷிகேகி மோரிமோட்டோ என்கிற புரோகிராமர் கடைசி நேரத்தில் மிச்சமிருந்த துளி இடத்தில் மியூ என்றொரு பிராணியைத் திருட்டுத்தனமாக நுழைத்திருந்தார். 151-வது. யாருக்கும் கிடைக்கக்கூடாது என்பது ஏற்பாடு. ஆனால் ஆட்டத்தில் இருந்த கோளாறுகளால் சிலருக்குத் தட்டுப்பட்டுவிட்டது. அவ்வளவுதான், பள்ளிக்கூடங்களில் தீ மாதிரி பரவியது. நின்டென்டோ தரப்பு புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தது. கொரோகொரோ என்கிற சிறுவர் பத்திரிகை வழியாக 20 பேருக்கு மட்டும் மியூ தருகிறோம் என்று அறிவித்தது. குவிந்த விண்ணப்பம் கிட்டத்தட்ட 78,000! மெதுவாக நகர்ந்துகொண்டிருந்த விற்பனை அதன்பிறகு பிய்த்துக்கொண்டு கிளம்பியது.

ஆட்டம் அமெரிக்கா போனபோது அங்கே ஒரு புது வதந்தி. துறைமுகத்தில் நிற்கிற லாரிக்கு அடியில் மியூ இருக்கிறது என்று. பாவம், எத்தனை குழந்தைகள் அந்த லாரியைத் தள்ளிப் பார்த்தார்களோ. ஜெவியஸின் இரும்புப் பலகை ஞாபகம் வருகிறதா? பொய்யும் கூடவேதான் வரும். பத்துப் பேர் கூடிப் பேசுகிற இடத்தில் ஒருவன் புருடா விடாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

கடைசியாக, சமீபத்திய கதை ஒன்று.

டெட்ரிஸ். 1984-ல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கிய, கட்டை அடுக்குகிற ஆட்டம். அதற்கு நின்டென்டோ 1989-ல் வெளியிட்ட வடிவத்தில் 29-வது லெவலுக்குமேல் போகவே முடியாது என்று ரொம்ப காலம் நம்பிக்கொண்டிருந்தார்கள். கட்டை விழுகிற வேகத்துக்கு மனித விரல் ஈடுகொடுக்காது. அப்புறம் பட்டனைப் படபடவென்று தட்டுகிற உத்தி ஒன்று வந்தது. 2020 வாக்கில், பட்டனை அழுத்தாமல், கருவியின் முதுகில் விரல்களால் தபேலா வாசிப்பதுபோல் உருட்டித் தட்டுகிற உத்தி வந்தது. ஒருவர் செய்தார், மற்றவர்களுக்குக் காட்டினார், எல்லாரும் பழகினார்கள். 2021-ல் ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமை ஆடவிட்டுப் பார்த்தபோது, ஒரு கட்டத்தில் ஆட்டமே உறைந்து நின்றது. எந்தெந்த லெவலில், என்ன செய்தால் உறையும் என்று ஆட்டக்காரர்களே உட்கார்ந்து பட்டியல் போட்டார்கள்.

2023 டிசம்பர் 21. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன், 157-வது லெவலில் அந்த ஆட்டத்தை உறைய வைத்தான். அதைச் செய்த முதல் மனிதன் அவன்தான். செய்தி உலகமெல்லாம் போனது. ஒரு பிரிட்டிஷ் டி.வி. செய்தி வாசிப்பாளர், வெளியே போய்க் கொஞ்சம் காற்று வாங்கலாமே தம்பி என்கிற தொனியில் பேசி, வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அவர் கண்ணுக்குத் தெரிந்தது அறைக்குள் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு பையன். ஆனால் அந்த விரல் உத்தி அவன் கண்டுபிடித்ததல்ல. அந்தப் பட்டியலும் அவன் போட்டதல்ல. 34 வருஷமாக யார் யாரோ ஆடி, தோற்று, தோற்ற விதத்தை மறைக்காமல் மற்றவர்களிடம் சொல்லி வைத்தது எல்லாம் அவனுக்கு முன்னால் இருந்தது. அதன்மேல் ஏறி நின்று கடைசி மாடியைத் தொட்டான்.

அடுத்த முறை உங்கள் வீட்டுப் பிள்ளை ஒரு ஆட்டத்தை முடித்துவிட்டுக் கண் பளபளக்க ஓடி வந்தால், ஒரு அஞ்சு நிமிஷம் கேளுங்கள். புரியாவிட்டாலும் பரவாயில்லை. "அப்புறம்?" என்று ஒரு வார்த்தை போதும். மீதியை அவனே பார்த்துக்கொள்வான்.